குளத்தங்கரைப் பூவும் ராத்திரி விருந்தாளியும்

கேட்டது இதுதான்: தோட்டத்தில் சுமார் 2000 லிட்டர் பிடிக்கும் மீன் குளம். அடியில் ரப்பர் விரிப்பு, விளிம்பில் பலகைக்கல். கல்லை ஒட்டி ரோஜா, செம்பருத்தி, லில்லி. மூன்று வாரமாக, மொட்டு விட்டால் விடிவதற்குள் காணோம்; கொழுந்தும் போகிறது. மிளகாய், பூண்டு, சோப்பு கலந்து தெளிக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். பூச்சிமருந்து அடித்துவிடு என்கிறார் இன்னொருவர். மீனுக்கு ஒன்றும் ஆகாமல் பூவைக் காப்பாற்ற வழி உண்டா?

உண்டு. ஆனால் அந்த இரண்டு யோசனையும் வேண்டாம். சாதாரணத் தோட்டத்தில் ஒரு மருந்து செடிக்கு ஒத்துக்கொள்ளுமா, பிராணியை விரட்டுமா என்று பார்த்தால் போதும். குளத்தங்கரையில் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இது தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும்? விழாமல் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லாதீர்கள். காற்று அடிக்கும், மழை பெய்யும், இலை உதிரும். கரையில் இருப்பது என்றைக்காவது ஒருநாள் குளத்துக்குள் போகத்தான் போகிறது.

நானே பட்டுத் தெரிந்துகொண்டது இது. சில வருடங்களுக்கு முன் குளத்தை ஒட்டிய ரோஜாவுக்கு மிளகாய்த்தூள் கரைசல் அடித்தேன். இலையில் ஒட்ட வேண்டுமே என்று பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு மூடி விட்டேன். அன்று ராத்திரி நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தால் மீன்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பம்பிலிருந்து தண்ணீர் விழும் மூலையில் வெள்ளை நுரை கட்டியிருந்தது. மிளகாயைவிட சோப்புதான் அங்கே குற்றவாளி. மீனின் செவுளை ஒரு சளிப் படலம் மூடியிருக்கிறது. சோப்பு அதை அரித்து, உள்ளே இருக்கும் மெல்லிய தோலையும் புண்ணாக்கிவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீனால் இழுக்க முடியாது. பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டி, குளோரின் நீக்கிய தண்ணீரை விட்டேன். அப்படியும் இரண்டு மீன் போயிற்று.

பூச்சிமருந்து இன்னும் மோசம். முதலில், முயலையோ மானையோ அது விரட்டாது. இரண்டாவது, கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம். சைபர்மெத்ரினில் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சில மைக்ரோகிராம் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்றால் உங்கள் 2000 லிட்டருக்கு 10 மில்லிகிராம். 10 சதவீத வீரியமுள்ள மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் இருக்கும். அதாவது 0.1 மில்லிலிட்டர், தோராயமாக இரண்டு சொட்டு. தெளிப்பானின் முனையில் தொங்கும் சொட்டுகளே அவ்வளவு வரும்.

"அப்படியானால் இயற்கையான மருந்து?" என்று அடுத்த கேள்வி வரும். இயற்கை என்ற சொல் மீனுக்குத் தெரியாது. டெர்ரிஸ் செடியின் வேரில் இருக்கும் ரோட்டினோன் முழுக்க இயற்கையானது. மீனை மயக்கிப் பிடிக்கவே மனிதர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய பொருள் அது. புகையிலைச் சாறும் விஷம்தான். வேப்பெண்ணெய் மருந்து டப்பாக்களில்கூட நீர்நிலையில் கலக்க விடாதீர்கள் என்றுதான் எழுதியிருக்கும். காபித்தூள் சக்கையில் மிஞ்சியிருக்கும் காஃபீனும் நீர்வாழ் உயிர்களுக்கு ஆகாது. இரத்தத்தூள் உரத்தின் வாசனைக்கு முயல் விலகும் என்பார்கள். விலகலாம். ஆனால் அது குளத்தில் கரைந்தால் அம்மோனியா ஏறும், பாசி பிடிக்கும். பாச்சை உருண்டையைக் கரையில் போடும் பழக்கம் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். நாப்தலின் மீனுக்கும் ஆகாது, அதை எடுத்து வாயில் போடும் குழந்தைக்கும் ஆகாது.

சரி, எதைச் செய்வது? முதலில் யார் தின்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள். இதைச் செய்யாமல் செலவு செய்பவர்கள்தான் அதிகம். மானுக்குப் போட வேண்டிய வேலியை நத்தைக்குப் போட்டுவிட்டு, எதுவுமே பலிக்கவில்லை என்பார்கள்.

கடித்த தண்டின் நுனியைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். கத்தியால் சாய்வாக நறுக்கியதுபோல் சுத்தமாக இருந்தால் முயல். அதற்கு மேலும் கீழும் கூரான வெட்டுப்பற்கள் உண்டு. நுனி கந்தலாக, நார் நாராகக் கிழிந்திருந்தால் மான். மானுக்கு மேல்தாடையின் முன்பக்கத்தில் வெட்டுப்பல் கிடையாது. கீழ்ப்பல்லை மேல் ஈறோடு அழுத்தி இழுத்துப் பிய்க்கிறது, அதனால்தான் நார் தொங்குகிறது. கடி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் ஒரு சாட்சி. முழங்காலுக்குக் கீழே மட்டும் போயிருந்தால் முயல். இடுப்புக்கு மேலேயும் போயிருந்தால், அது ஏறிப்போகும் பிராணியாகவோ மானாகவோதான் இருக்கும்.

இலையில் ஓட்டை ஓட்டையாக இருந்து, பக்கத்துக் கல்லில் காய்ந்த வெள்ளிக் கோடு தெரிந்தால் நத்தை. இலையின் விளிம்பு அரிக்கப்பட்டு, கீழே கடுகுபோலக் கறுப்புக் கழிவு கிடந்தால் புழு. இதழைப் பிய்த்துச் சுற்றிலும் இறைத்திருந்தால் பெரும்பாலும் பறவை. அது பகலில் வரும். கிழங்கைத் தோண்டிப் போயிருந்தால் எலி, பெருச்சாளி, முள்ளம்பன்றி இவற்றில் ஒன்று.

இன்னும் சந்தேகம் என்றால் குளம் இருப்பதே வசதி. கரையின் ஈரமண்ணைச் சாயங்காலம் கையால் தடவிச் சமமாக்கி விடுங்கள். காலையில் காலடி பதிந்திருக்கும். மான் குளம்பு இரண்டாகப் பிளந்த வடிவம். முயலின் தடத்தில் பின்னங்கால் இரண்டும் நீளமாக, முன்னங்கால் தடத்துக்கு முன்னால் விழுந்திருக்கும். இன்னொரு வழி, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்று. நத்தையென்றால் கையும் களவுமாகச் சிக்கும்.

ஆள் தெரிந்துவிட்டால் மற்றது எளிது. என் அனுபவத்தில் குளத்தங்கரைக்கு வலையும் வேலியும்தான் முதல் மருந்து. தண்ணீரில் கரையாது, மழையில் வீரியம் போகாது, பிராணிக்கும் பழகிப்போகாது.

முயலுக்கு 25 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள கோழிவலை போதும். உயரம் 60 முதல் 90 சென்டிமீட்டர். ஆனால் அடிப்பாகம்தான் முக்கியம். முயல் தாண்டுவதைவிடத் தோண்டி நுழைவதையே விரும்பும். வலையின் கீழ் விளிம்பை 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள் இறக்கி, அங்கிருந்து வெளிப்பக்கமாக இன்னொரு 15 சென்டிமீட்டர் மடித்து விடுங்கள். தோண்டும் முயல் வலையின் ஓரத்தில்தான் தோண்டும். மடிப்பு காலில் தட்டும். ஓரடி பின்னால் போய்த் தோண்டலாம் என்ற யோசனை அதற்கு வருவதில்லை.

கம்பம் நடுவதற்கு முன் ஒரு விஷயம். ரப்பர் விரிப்பு தண்ணீரின் விளிம்போடு முடிவதில்லை. பலகைக்கல்லுக்கு அடியில் ஓரடி வரைக்கும் மடங்கிப் போயிருக்கலாம். ஆவேசமாகக் கடப்பாரையைப் போட்டால் விரிப்பு கிழியும். எங்கிருந்து கசிகிறது என்று தேடுவதற்குள் அந்தக் கோடை போய்விடும். கல்லை ஒன்றிரண்டு இடத்தில் தூக்கிப் பார்த்து, விரிப்பு எதுவரை போகிறது என்று தெரிந்துகொண்டு அதற்கு அப்பால் கம்பம் நடுங்கள். இடமில்லை என்றால் பழைய பக்கெட்டில் சிமெண்ட் கலவை ஊற்றி, அதில் கம்பத்தை நிறுத்தி, பக்கெட்டோடு வையுங்கள். தோண்டவே வேண்டாம்.

வலையின் உலோகமும் கவனிக்க வேண்டியது. துத்தநாகம் பூசிய புதுக் கம்பிவலை தண்ணீரில் கிடக்கக் கூடாது. துத்தநாகம் கரைந்தால் மீனுக்குக் கெடுதல். கரையில் நிற்கலாம், குளத்துக்குள் இறங்கக் கூடாது. தண்ணீரில் படும் இடத்துக்குப் பிளாஸ்டிக் பூசிய வலையோ துருப்பிடிக்காத எஃகு வலையோ போடுங்கள். செல்லரிக்காமல் இருக்கத் தாமிர மருந்து ஏற்றிய மரக்கம்பங்களுக்கும் இதே விதிதான்.

மான் என்றால் கதை வேறு. முழுத் தோட்டத்துக்கும் வேலி என்றால் 2.4 மீட்டர் உயரம் வேண்டும். அது எல்லாருக்கும் கட்டாது, குளத்தின் அழகும் போய்விடும். மானின் பலவீனம் ஒன்று இருக்கிறது: உயரமாகவும் தாண்டும், நீளமாகவும் தாண்டும், இரண்டையும் ஒரே பாய்ச்சலில் செய்யத் தயங்கும். அதனால் 1.2 மீட்டர் உயரத்தில் இரண்டு வேலியை ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளியில் போட்டால், அந்த உயரமான வேலியின் செலவில்லாமல் அதே பலன் கிடைக்கும். இன்னொன்று, இறங்கும் இடம் குறுகலாகவோ கண்ணுக்குத் தெரியாமலோ இருந்தால் மான் குதிக்காது. சிறிய பாத்தியைச் சுற்றி மட்டும் இடுப்புயர வேலி போட்டால்கூடப் பல நேரம் நின்றுவிடுவது அதனால்தான். குளத்தையே ஒரு பக்கத்து வேலியாக எண்ணிவிடாதீர்கள். மான் நன்றாக நீந்தும், இடுப்பளவுத் தண்ணீரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை.

செடி நாலைந்துதான் என்றால் வேலியே வேண்டாம், ஆளுக்கொரு கூண்டு போதும். கோழிவலையை உருளையாகச் சுற்றி, மேலேயும் ஒரு துண்டு மூடி, இரண்டு குச்சியில் கட்டிவிடுங்கள். மொட்டு வலையைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும், இல்லாவிட்டால் வெளியிலிருந்தே வாயை நீட்டித் தின்றுவிடும். லில்லி போன்ற கிழங்குச் செடிக்கு, கிழங்கை நட்டபின் மேலே 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையைப் படுக்கவைத்து மண் போட்டு மூடலாம். தண்டு கண்ணுக்குள் புகுந்து வந்துவிடும், தோண்ட வருவது ஏமாந்து போகும். தண்டு தடித்த வகையென்றால் கண்ணை அந்தந்த இடத்தில் கொஞ்சம் வெட்டி அகலமாக்குங்கள்.

மெல்லிய நைலான் வலையைச் செடிமேல் தொளதொளவென்று போர்த்துவது மட்டும் கூடவே கூடாது. குளத்தைத் தேடி வரும் தவளை, பாம்பு, பறவை எல்லாம் அதில் சிக்கி, வெயிலில் கிடந்து சாகும். வலையை இழுத்துக் கட்டியபின் அதன் கண்ணுக்குள் விரல் நுழைந்தால் அது ஆபத்தான வலை என்பது எளிய சோதனை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வீட்டுப் பழச்செடிகளுக்குப் போடும் வலையின் கண் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2021 செப்டம்பரிலிருந்து விதியே இருக்கிறது.

விரட்டும் கருவிகளில் எனக்கு நம்பிக்கை உள்ளது ஒன்றே ஒன்று: நடமாட்டத்தைக் கண்டால் தானாகத் தண்ணீரைப் பீய்ச்சும் தெளிப்பான். சத்தம், அசைவு, ஈரம் மூன்றும் ஒரே சமயத்தில் வருவதால் மான், முயல், பூனை எல்லாம் துள்ளி ஓடும். மீனைக் கொத்த வரும் கொக்கும் ஓடும். மூன்று நாளைக்கு ஒருமுறை இடத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எந்தப் பக்கமாக வந்தால் நனையாது என்று கற்றுக்கொள்ளும். குழாய்த் தண்ணீரில் இயங்குவதால் பீய்ச்சும் வளைவு குளத்துக்கு வெளியே இருக்கும்படி திருப்பி வையுங்கள். குளோரின் கலந்த தண்ணீர் இரவு முழுக்கக் குளத்தில் விழுந்துகொண்டிருந்தால் மீனைக் காப்பாற்ற வைத்ததே மீனுக்கு எமனாகும். பிளாஸ்டிக் ஆந்தை, பளபளக்கும் குறுந்தகடு, காற்றில் ஆடும் நாடா எல்லாம் ஒரு வாரத்துக்கு. நம் காதுக்குக் கேட்காத ஒலியால் பிராணியை விரட்டும் என்று விற்கும் மீயொலிக் கருவிகளை வாங்கவே வேண்டாம் என்பேன். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2001-லேயே, இவற்றைப் பற்றிச் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் எச்சரித்தது.

தெளித்துத்தான் ஆக வேண்டும் என்றால் முட்டைக் கரைசல். ஒரு பங்கு முட்டை, நாலு பங்கு தண்ணீர், நன்றாக அடித்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் தெளிப்பானின் துளை அடைத்துக்கொள்ளும். அது கெடும்போது வரும் கந்தக வாடை மனித மூக்குக்குச் சில நாளில் அடங்கிவிடும். மானும் முயலும் மாமிச வாடை என்று நினைத்து ஒதுங்கும். சோப்பு சேர்க்காதீர்கள். கரையில் நிற்கும் செடிக்குத் தெளிக்காமல், சிறிய பெயின்ட் பிரஷ்ஷால் இலையின் மேலும் மொட்டின் காம்பிலும் தடவுங்கள். தொட்டியில் இருக்கும் செடியென்றால் இன்னும் நல்லது: பத்தடி தள்ளித் தூக்கிப்போய், தெளித்து, காய்ந்தபின் கொண்டுவந்து வைத்துவிடலாம். எல்லா விரட்டிகளுக்கும் ஒரு குறை உண்டு. இன்று தடவியது இன்று இருக்கும் இலைக்குத்தான். நாளை விரியும் மொட்டுக்கு அதில் பங்கில்லை. மொட்டு விடும் காலத்தில் வாரம் ஒருமுறையும், பெரிய மழைக்குப் பிறகும் திரும்பத் தடவ வேண்டும். பறவைக்கு மிளகாய் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது. பாலூட்டிகளுக்கு மட்டுமே எரியும்.

நத்தைக்கு வருவோம், குளத்தங்கரையில் இதுதான் அதிகம். மெட்டால்டிஹைடு கலந்த நத்தை மருந்தைப் போடாதீர்கள். நாய்க்கும் காட்டு உயிர்களுக்கும் ஆபத்து என்று பிரிட்டனில் 2022 ஏப்ரலிலிருந்து திறந்தவெளியில் அதற்குத் தடை. தாமிரப் பட்டை, முட்டை ஓடு, சரளை என்று சுற்றிப் போடுவதும் வீண். அங்குள்ள ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டி இவற்றைச் சோதித்து, போட்ட செடிக்கும் போடாத செடிக்கும் வித்தியாசம் இல்லை என்று 2018-ல் சொன்னது. எனக்குப் பலித்தது இரண்டு. ஒன்று, ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் கையால் பொறுக்குவது. ஒரு பலகையைச் செடியருகே போட்டு வைத்தால் காலையில் அதன் அடியில் மொத்தமாகக் கிடக்கும். இரண்டாவது, தவளை. உங்களிடம் குளம் இருக்கிறது, தவளை தானாக வரும். குளத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் கல்லும் அடர்ந்த செடியும் விட்டுவைத்து அதற்கு இடம் கொடுங்கள். மற்ற பக்கங்களில் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புதரை வெட்டிவிடுங்கள், எலிக்கும் முயலுக்கும் ஒளிய இடமில்லாமல் போகும்.

விருந்தாளியை அழைப்பது பெரும்பாலும் குளம்தான் என்பதையும் மறக்க வேண்டாம். வறண்ட காலத்தில் தண்ணீர் குடிக்க வருகிறது, போகிற போக்கில் ரோஜாவைக் கடிக்கிறது. பூச்செடிக்கு எதிர்ப்பக்கம், வேலிக்கு வெளியே, ஓர் ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைத்துப் பாருங்கள். பாதிப் பிராணிகள் அதோடு திரும்பிவிடும். எலிக்கு அழைப்பிதழ், மீன் தீனி. ஐந்து நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள், மூட்டையைத் தகர டின்னில் வையுங்கள். எலிக்கு விஷம் வைத்தால், தாகத்தோடு வரும் எலி குளத்தில் விழுந்து சாகும். விஷம் தின்ற எலியைத் தின்னும் ஆந்தையும் போகும். காட்டுப் பிராணிகளுக்கு விஷம் வைப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட.

சில நேரம் திருடன் குளத்துக்குள்ளேயே இருப்பான். கெண்டை வகை மீன்கள், குறிப்பாகப் பெரிய கோய், அல்லித் தொட்டியின் மண்ணைக் கிளறி வேரைக் கடிக்கும். மண்ணின்மேல் மீனால் புரட்ட முடியாத, கைப்பிடி அளவுக் கற்களை நெருக்கமாக அடுக்குங்கள். அல்லி இலையில் நீள்வட்டமாகத் துண்டு நறுக்கியதுபோல் இருந்தால், அது இலைத்துண்டைக் கூடாக்கிக்கொண்டு மிதக்கும் ஒரு அந்துப்பூச்சிப் புழு. கையால் எடுத்துப் போடலாம். அசுவினி மொய்த்திருந்தால் குழாயால் பீய்ச்சித் தண்ணீரில் தள்ளிவிடுங்கள். மருந்தே இல்லாமல் மீனுக்கு ஒரு வேளைத் தீனி.

பிராணிகள் தொடாத செடியை நட்டால் என்ன என்று கேட்கலாம். ஐரிஸ், சால்வியா, லாவெண்டர், ரோஸ்மேரி போன்றவற்றை மானும் முயலும் பொதுவாக ஒதுக்கும். பசி முற்றினால் எதையும் கடிக்கும். சாமந்தி முயலை விரட்டும் என்பதை நான் நம்புவதில்லை. முயல் தின்ற சாமந்தியை நானே பார்த்திருக்கிறேன். அதேசமயம், எதுவும் தின்னாது என்ற ஒரே காரணத்துக்காக அரளியையும் திருகுக்கள்ளியையும் கரையில் நட்டுவிடாதீர்கள். அரளி உடல் முழுக்க விஷம், இலை நேராகத் தண்ணீரில் விழும். திருகுக்கள்ளியின் பாலை மீன் பிடிக்க விஷமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

உங்கள் விஷயத்தில் நான் செய்வது: இன்று சாயங்காலம் மண்ணைத் தடவி வைப்பேன், அதிகம் அடிபட்ட இரண்டு ரோஜாவுக்கு மட்டும் கூண்டு போடுவேன். மூன்று நாளில் கூண்டுக்குள் மொட்டு நின்று, வெளியே போனால் அது பெரிய பிராணி. கூண்டுக்குள்ளும் போனால் நத்தையோ புழுவோ. அதற்குள் கடித்த தண்டின் நுனியையும் பார்த்துச் சொல்லுங்கள்; சாய்வா, நாரா என்று தெரிந்தால் வேலி எவ்வளவு உயரம், எங்கே என்று சொல்லிவிடலாம்.